இடம் மாற்றி வைத்த வீடுகள்: ஸ்டைன்பாக் மெனோனைட் கிராம அருங்காட்சியகம் பார்க்கத் தகுந்ததா?

#1 மணிமுத்தாறு

கனடாவின் மானிடோபா மாகாணத்தில் வின்னிபெக் பக்கம் இருப்பவர்களிடம் ஒரு யோசனை கேட்கிறேன். ஆகஸ்ட்டில் ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். மாமனார் அம்பாசமுத்திரத்தில் காலமெல்லாம் விவசாயம் பார்த்தவர். மால், பூங்கா என்று கூட்டிப்போனால் மரியாதைக்குப் பார்ப்பார், அவ்வளவுதான். ஏர், களம், மாட்டுக்கொட்டில் என்றால் நாள் முழுக்க நிற்பார். அதனால் ஸ்டைன்பாக்கில் இருக்கும் மெனோனைட் ஹெரிட்டேஜ் வில்லேஜுக்குப் போகலாம் என்று நினைக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: மெனோனைட் என்பது ஆயுதம் எடுக்க மறுக்கும் ஒரு கிறிஸ்தவப் பிரிவு. ஸ்டைன்பாக்குக்கு வின்னிபெக்கிலிருந்து தென்கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1874-இல் அன்றைய ரஷ்யப் பேரரசின் தெற்கிலிருந்து, அதாவது இன்றைய உக்ரைனிலிருந்து, வந்த 18 மெனோனைட் குடும்பங்கள் உண்டாக்கிய ஊர் அது. சுற்றுவட்டாரத்தில் இருந்த பழைய வீடு, பள்ளிக்கூடம், வழிபாட்டு வீடு எல்லாவற்றையும் கொண்டுவந்து 40 ஏக்கரில் ஒரு தெருவாக அமைத்து 1967-இல் திறந்தார்கள். நடுவில் ஒரு காற்றாலை.

நான் ஒருமுறை போயிருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று உறுத்தியது. அந்தத் தெருவில் எந்தப் பழைய கட்டடமும் அங்கே பிறந்ததில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊர். 1870களின் மரவீட்டிலிருந்து நாலு எட்டு நடந்தால் இருபதாம் நூற்றாண்டுப் பள்ளிக்கூடம். காற்றாலையோ புதிதாகக் கட்டியது. அப்படி ஒரு கிராமம் எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை. பெரியவர் "இது யார் வீடு, இங்கேயா இருந்தார்கள்?" என்று கேட்டால் என்ன சொல்வது? இதை வரலாறு என்று காட்டலாமா, இல்லை சினிமா செட் மாதிரியான சங்கதியா?

#2 நெடுஞ்சாலை12

போங்க. சாப்பாடு நல்லா இருக்கும். மீதி எல்லாம் அப்புறம்.

#3 கதிரடி

மணிமுத்தாறு, தாராளமாகக் கூட்டிப்போங்கள். நான் விவசாய இயந்திர மெக்கானிக், அந்தப் பக்கம்தான் வேலை. அங்கே நடக்கும் முன்னோடி நாட்கள் விழாவுக்குப் பல முறை போயிருக்கிறேன். ஆகஸ்ட் முதல் வார நீண்ட விடுமுறையை ஒட்டி வரும். நீராவி எஞ்சினில் பெல்ட் மாட்டிக் கதிரடிப்பார்கள், கொல்லுப்பட்டறையில் உலை எரியும், குதிரை பூட்டி வேலை நடக்கும். உங்கள் மாமனாரை அந்த நாட்களில் விட்டால் சாயங்காலம் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

செட் என்று சொன்னதற்கு வருகிறேன். முதலில் அந்த வீட்டுக்கொட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். வீடும் மாட்டுக்கொட்டிலும் ஒரே வரிசையில், இடையில் ஒரு சின்ன நடைபாதை. பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி குளிரில் பனிப்புயல் அடிக்கும்போது வெளியே இறங்காமலேயே மாட்டுக்குத் தீனி வைக்கலாம், பால் கறக்கலாம். வீட்டின் நடுவில் செங்கல் அடுப்பு. மூலையில் வைத்த அடுப்பில்லை, அறைகள் சந்திக்கும் இடத்தில் சுவரோடு சுவராகக் கட்டியது. சமையற்கட்டுப் பக்கம் தீ மூட்டினால் சுற்றியுள்ள அறைகள் எல்லாம் சூடாகும். செங்கல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் விடும்.

எரிபொருள் என்ன தெரியுமா? வைக்கோலும் சாணமும். தெற்கு ரஷ்யப் புல்வெளியில் மரம் கிடையாது. அங்கே பழகிய வழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தார்கள். கொட்டிலில் சேரும் சாணத்தையும் வைக்கோலையும் மிதித்து, கட்டியாக வெட்டி, வெயிலில் காயவைத்து அடுக்குவார்கள். வரட்டிதான், தட்டுவதற்குப் பதில் வெட்டுகிறார்கள். இதை மாமியாரிடம் சொல்லுங்கள், அப்புறம் அவர்தான் உங்களுக்கு விளக்குவார்.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்தால் ஒரு பத்தி. உள்ளே நின்று அடுப்புக்கும் கொட்டில் கதவுக்கும் எத்தனை அடி என்று பார்த்தால்தான் உறைக்கும். அதற்கு அந்த வீடு எந்த ஊரில் நின்றது என்பது அவ்வளவு முக்கியமா?

#4 மணிமுத்தாறு

அடுப்பு நியாயம்தான். ஆனால் காற்றாலை?

#5 கதிரடி

காற்றாலையின் கதை தனி. ஸ்டைன்பாக்கில் முதல் காற்றாலையை 1877-இல் ஆபிரகாம் ஃப்ரீசன் கட்டினார். ஊர் உண்டாகி மூன்றே வருடம். சில ஆண்டுகளிலேயே நீராவி ஆலை வந்துவிட்டது. காற்று வந்தால்தான் மாவு என்று யார் காத்திருப்பார்கள்? அருங்காட்சியகத்தில் இருப்பது அதன் மாதிரி. 1972-இல் கட்டினார்கள். 2000 அக்டோபரில் யாரோ வேண்டுமென்றே தீ வைத்தார்கள், முழுக்க எரிந்து போனது. 2001-இல் மறுபடி எழுப்பிவிட்டார்கள். ஊரே பணம் போட்டது.

ஆக நீங்கள் பார்ப்பது மாதிரியின் மாதிரி. அது உண்மைதான். ஆனால் அது வேலை செய்கிற ஆலை. தலைப்பகுதியைக் காற்றின் பக்கம் திருப்ப வேண்டும், நாலு இறக்கைகளிலும் துணியை விரிக்க வேண்டும், பிறகு உள்ளே மரப்பற்கள் வைத்த பெரிய சக்கரம் சுழன்று கல்லைச் சுற்றும். கல்லின் பள்ளங்கள் தேய்ந்தால், நம் வீட்டில் அம்மி கொத்துவதுபோல, மறுபடி கொத்தவேண்டும். அரைத்த மாவைக் கடையில் விற்கிறார்கள். இதை ஓட்டத் தெரிந்த ஆள் இருந்தால்தான் இது ஆலை. இல்லாவிட்டால் உயரமான மரக்கூடு. அசல் மரம் எவ்வளவு மிச்சம் என்பதைவிட ஓட்டும் கை இருக்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

#6 தச்சுமுழம்

சென்னையிலிருந்து. கட்டடப் பாதுகாப்புத் துறையில் வேலை. கதிரடி சொல்வதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன், பாதிக்கு இல்லை.

1964-இல் வந்த வெனிஸ் சாசனம் என்று ஒன்று உண்டு. எங்கள் துறைக்கு அது கிட்டத்தட்ட வேதம். அதன் 7-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ஒரு கட்டடத்தை அது சாட்சியாக நிற்கும் வரலாற்றிலிருந்தும் அது இருக்கும் இடத்திலிருந்தும் பிரிக்க முடியாது. காப்பாற்ற வேறு வழியே இல்லை என்றால் மட்டும் நகர்த்தலாம். இதற்கு நேர் எதிரான வழியில் 1891-இலேயே ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹசேலியுஸ் ஸ்கான்சென் அருங்காட்சியகத்தைத் திறந்துவிட்டார். ஸ்வீடன் முழுக்க இருந்து பண்ணைவீடுகளைக் கழற்றி வந்து ஒரு குன்றின் மேல் வைத்தார். உலகத்தில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகங்களில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை, ஸ்டைன்பாக் உட்பட. நம் முட்டுக்காடு தட்சிணசித்ராவும் அந்த வகைதான். 1996-இல் திறந்தது. அங்கே உள்ள செட்டிநாட்டு வீட்டை நான் மாணவர்களுக்குக் காட்டுவதுண்டு. அது அங்கே வந்திராவிட்டால் அதன் தூண்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஆளுக்கொன்றாக விலைபோயிருக்கும். அதனால் நகர்த்துவதே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இழப்பு இல்லை என்று சொல்லாதீர்கள். மெனோனைட் கிராமத்தில் முக்கியம் வீடா? நிலத்தைப் பங்கிட்ட விதம். கனடா அரசு 160 ஏக்கர் சதுரங்களாக நிலம் கொடுத்தது. அப்படியே எடுத்திருந்தால் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே அரை மைல் தள்ளித்தான் வசித்திருக்கும். இவர்கள் அந்தச் சதுரங்களைத் தங்களுக்குள் ஒன்று சேர்த்து, ஒரே தெருவில் வீடுகளைக் கட்டி, வெளியே வயலை நீளமான துண்டுகளாகப் பிரித்துக்கொண்டார்கள். நல்ல மண், மோசமான மண், பக்கத்து வயல், தூரத்து வயல் எல்லாம் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கிற மாதிரி. மேய்ச்சல் நிலம் பொது. பத்திரம் அரசிடம் ஒருவர் பேரில், உழுவது இன்னொருவர். நம்பிக்கையில் நடந்த ஏற்பாடு. அது குலைந்ததும் கிராமமே குலைந்தது. அருங்காட்சியகத் தெருவின் பின்னால் அந்த வயல் இல்லை. வீட்டைத் தூக்கிவரலாம், வயலை எப்படித் தூக்கிவருவீர்கள்?

#7 ஆல்டோனா_வழி

அப்படியென்றால் நீங்கள் நியூபெர்க்தால் போகவேண்டும் சார். வின்னிபெக்கிலிருந்து தெற்கே, ஆல்டோனாவுக்குப் பக்கத்தில், அமெரிக்க எல்லையை ஒட்டினாற்போல. 1876-இல் உண்டான தெருக்கிராமம். இன்னும் அதே இடத்தில் அதே தெருவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் பெரிய காட்டன்வுட் மரங்கள், வீட்டுக்கொட்டில்கள், பின்னால் நீளத்துண்டு நிலத்தின் அடையாளம், எல்லாம் அப்படியே. 1989-இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தார்கள். ஆட்கள் அதில் வசிக்கிறார்கள், அதுதான் விசேஷம். ஃப்ரீசன் வீட்டுக்கொட்டில் ஒன்றை மட்டும் விளக்க மையமாக வைத்திருக்கிறார்கள். மற்றபடி துணி காயும், டிராக்டர் நிற்கும்.

இரண்டையும் பாருங்கள் என்று சொல்வேன். ஆனால் ஒன்றுதான் முடியும் என்றால் ஸ்டைன்பாக். நியூபெர்க்தால் தெருவில் காரை மெதுவாக ஓட்டிப் போகலாம், யார் வீட்டுக்குள்ளும் நுழைந்து அடுப்பைத் தடவிப்பார்க்க முடியாது.

#8 நெடுஞ்சாலை12

வெனிஸ் சாசனத்தை மாமனார் கேட்டாரா?

#9 கதிரடி

தச்சுமுழம் சார், வயல் பற்றிச் சொன்னது சரி, அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் இடம் மாற்றுவது பற்றி ஒன்று. இந்தச் சமவெளிக்காரர்களுக்குக் கட்டடம் என்பது நகர்கிற பொருள். பழைய மரவீடுகளுக்கு ஆழமான அஸ்திவாரம் கிடையாது. தளத்துக்கு அடியில் பெரிய உத்திரங்களைச் செருகிக் குளிர்காலத்தில், மண் இரும்பாக உறைந்த பிறகு, குதிரைகளைப் பூட்டி இழுத்துப்போவார்கள். இரயில் பாதை ஐந்து மைல் தள்ளிப் போனால் ஊரே கடை, தேவாலயத்தோடு அங்கே நகர்ந்திருக்கிறது. இன்றும் வீட்டை லாரியில் ஏற்றி நகர்த்துவது இங்கே தனித்தொழில். மனைக்காரர் விளம்பரத்திலேயே "நகர்த்தும் வசதி" என்று போடுவார்கள். அருங்காட்சியகத்துக்கு வந்தது அந்த வீடுகளின் கடைசிப் பயணம், முதல் பயணமாக இருக்கவேண்டும் என்று இல்லை.

#10 பனைவேலி

நான் யாழ்ப்பாணத்துப் பக்கம், இப்ப டொராண்டோவில். போன கோடையில் வின்னிபெக்கில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போனபோது அங்கை கூட்டிக்கொண்டு போனா.

எனக்கு வீடுகளைவிடப் பெட்டிகள்தான் மனதில் நின்றது. உள்ளே காட்சிக்கூடத்தில் பெரிய மரப்பெட்டிகள் வைத்திருக்கினம். கிஸ்ட் என்று சொல்லுவினம். மகளுக்குச் சீதனமாகச் செய்து குடுக்கிறது, பிறகு கப்பலிலும் அதுதான் வந்தது. மூடியைத் திறந்தால் உட்பக்கம் பூ ஒட்டுப்படம், பேர், வருஷம். பக்கத்திலை க்ரோகர் சுவர்க்கடிகாரங்கள். நீளமான ஊசலும் எடைக்கல்லும் தொங்கும், கண்ணாடி மூடி இல்லை. உக்ரைனில் செய்த கடிகாரத்தைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு வந்திருக்கினம். ஓடுற கடிகாரத்தை விட்டிட்டு வர மனமில்லை.

இந்தச் சனம் ஓரிடத்தில் நிண்டதே இல்லை. ஒல்லாந்தில் இவையின்ரை மதத்தலைவர் மென்னோ சைமன்ஸ் காலத்தில் துரத்துப்பட்டு இன்றைய போலந்தில் இருக்கிற விஸ்துலா ஆற்றுப் பக்கம், அங்கையிருந்து 1789-இல் கேத்தரின் அரசியின் அழைப்பில் ரஷ்யாவுக்கு, பிறகு 1870களில் கட்டாய இராணுவ சேவை வரப்போகுது என்றதும் 12 பேரை அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடம் பார்க்க அனுப்பி, அப்புறம் கிட்டத்தட்ட 7,000 பேர் மானிடோபாவுக்கு. துவக்குத் தூக்கமாட்டம் என்பதுதான் அவையின்ரை ஒரே பிடிவாதம். அதைக் கனடா எழுத்தில் குடுத்தது.

அருங்காட்சியகத்தில் இன்னொரு பொருளையும் பாருங்கோ. ரஷ்யாவுக்கு முதலில் போன கூட்டத்துக்கு இடம் பார்த்துக் குடுத்த ஹெப்னர், பார்ட்ச் இரண்டு பேரின் நினைவுக்கல்லுகளை உக்ரைனிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கினம். வீட்டை நகர்த்தலாமோ எண்டு வாதாடுறியள். கல்லறைக் கல்லைக் கடல் தாண்டிக் கொண்டுவந்த சனத்திட்டை அந்தக் கேள்வியைக் கேட்டுப்பாருங்கோ.

#11 தச்சுமுழம்

இதற்குப் பதில் சொல்ல என்னிடம் சாசனம் இல்லை.

#12 இருநதிக்கூடல்

எல்லாரும் 1874-இலிருந்தே பேசுகிறோம். வின்னிபெக்கில் வரலாறு படிப்பவள் என்ற முறையில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அந்த நிலம் காலியாகக் கிடக்கவில்லை. பூர்வகுடிகளான அனிஷினாபே, ஸ்வாம்பி க்ரீ மக்களோடு அரசு முதல் எண் ஒப்பந்தம் போட்டது 1871 ஆகஸ்ட், லோயர் ஃபோர்ட் கேரியில். மெனோனைட்கள் வந்து இறங்கியது அதற்குச் சரியாக மூன்று வருடம் கழித்து, 1874 ஆகஸ்ட் 1, இன்டர்நேஷனல் என்ற நீராவிப் படகில், ராட் ஆறு ரெட் ஆற்றில் சேரும் இடத்தில். ஜேக்கப் ஷான்ட்ஸ் என்ற ஒன்டாரியோ மெனோனைட் கரையிலிருந்து கொஞ்சம் கிழக்கே அவர்களுக்காகக் கொட்டகைகள் கட்டி வைத்திருந்தார். அங்கிருந்து கிழக்கே நடந்தார்கள். அரசு அவர்களுக்கென்று எட்டு டவுன்ஷிப் ஒதுக்கியிருந்தது. ஒரு டவுன்ஷிப் 36 சதுர மைல்.

அதே நேரத்தில், பூர்வகுடிகளும் ஐரோப்பியரும் கலந்து உருவான மெட்டி மக்களுக்கு 1870 மானிடோபா சட்டத்தின் 31-ஆம் பிரிவு 14 லட்சம் ஏக்கர் தருவதாகச் சொல்லியிருந்தது. அவர்களுடைய பிள்ளைகளுக்கு. அதைக் கொடுத்து முடிக்க அரசு வருடக்கணக்கில் இழுத்தது, நிறையப் பேருக்கு வந்து சேரவே இல்லை. 2013-இல் கனடா உச்ச நீதிமன்றமே அரசு தன் கடமையைச் சரியாகச் செய்யவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. புதிதாக வந்தவர்களுக்கு மளமளவென்று பிரித்துக் கொடுக்கத் தெரிந்த அரசுதான்.

மெனோனைட்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. அவர்களும் ஓடி வந்தவர்கள். ஆனால் ஒரு தெரு முழுக்க முன்னோடிகளின் வீடுகள் என்று நடந்துபோகும்போது, அதற்கு முந்தைய நாள் அந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்காமல் வெளியே வரக்கூடாது. உங்கள் மாமனார் "யார் வீடு?" என்று கேட்பார் என்றீர்களே, "யார் நிலம்?" என்றும் கேட்கச் சொல்லுங்கள். விவசாயிக்கு அதுதான் முதல் கேள்வி.

#13 நெடுஞ்சாலை12

ஒரு மாவு மில் பார்க்கப் போனால்கூட அரசியலா?

#14 இருநதிக்கூடல்

கோதுமை விளைந்த நிலம் எப்படிக் கைமாறியது என்பது மாவு மில்லுக்குச் சம்பந்தமில்லாத விஷயமா அண்ணா?

சரி, அரசியல் வேண்டாம் என்றால் அந்த இரண்டு பள்ளிக்கூடங்களையும் விட்டுவிட வேண்டும். ப்ளூமென்ஹாஃப் தனியார் பள்ளி ஒன்று, பார்க்ஃபீல்ட் அரசுப் பள்ளி ஒன்று. இரண்டும் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. முதலாவதில் ஜெர்மன் மொழி, பைபிள், கணக்கு. இரண்டாவதில் ஆங்கிலம், பிரிட்டிஷ் கொடி. 1916-இல் மானிடோபா அரசு இருமொழிப் பள்ளிகளை ஒழித்து, பள்ளிக்கு வருவதையும் கட்டாயமாக்கியது. பிள்ளைகளை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம், சிலருக்குச் சிறை. அதைத் தாங்காமல் 1920களில் ஆயிரக்கணக்கானவர்கள் மறுபடி மூட்டை கட்டி மெக்சிகோவுக்கும் பராகுவேக்கும் போனார்கள். பள்ளிகளைப் பற்றியும் கனடா எழுத்தில் வாக்குக் கொடுத்திருந்தது, அது ஐம்பது வருடம்கூடத் தாங்கவில்லை. பெஞ்சையும் கரும்பலகையையும் பார்த்து "எவ்வளவு அழகு" என்று படம் எடுத்துவிட்டு வருகிறோம். அந்த இரண்டு கட்டடங்களுக்கும் இடையில் உள்ள சில அடி தூரத்தில்தான் ஒரு கூட்டமே நாட்டைவிட்டுப் போனது.

சொல்லப்போனால் இதற்காகத்தான் நான் அந்தத் தெருவை ஆதரிப்பேன். அவரவர் ஊரிலேயே நின்றிருந்தால் இந்த இரண்டு பள்ளிகளையும் யாரும் ஒரே பார்வையில் பார்த்திருக்க முடியாது.

#15 மிண்டன்_பாதை

அமெரிக்காவிலிருந்து. நெப்ராஸ்காவில் மிண்டன் என்ற சின்ன ஊரில் இதே மாதிரி ஒன்று, ஹரால்டு வார்ப் முன்னோடி கிராமம். ஆனால் அது ஒரு சமூகம் கட்டியதில்லை, தனி மனிதர் கட்டியது. வார்ப் 1903-இல் அங்கே புல்மண் கட்டியால் ஆன வீட்டில் பிறந்தவர். சிக்காகோ போய், கோழிக்கூண்டு ஜன்னலுக்குக் கண்ணாடிக்குப் பதில் போடும் பிளாஸ்டிக் தாள் செய்து விற்றுப் பணக்காரர் ஆனார். 1948-இல் தான் படித்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடம் ஏலத்துக்கு வந்ததும் வாங்கிவிட்டார். அதிலிருந்து ஆரம்பித்து 1953-இல் திறந்தார்.

அவர் ரசனை வேறு. எல்லாவற்றையும் கால வரிசையில் அடுக்கவேண்டும்: விளக்கு என்றால் முதல் விளக்கிலிருந்து கடைசி விளக்கு வரை, சலவை இயந்திரம், கார், டிராக்டர் எல்லாம் அப்படித்தான். பழைய ஹார்டுவேர் கடைக்குள் வழி தவறின மாதிரி இருக்கும். எனக்குப் பிடிக்கும். என் மனைவி முக்கால் மணி நேரத்தில் வெளியே போய்க் காரில் உட்கார்ந்துவிட்டாள்.

#16 ஓட்டைக்கூரை

இவ்வளவு நேரம் பெரிய இடங்களைப் பற்றிப் பேசினீர்கள். நான் சஸ்காட்செவனில் ஒரு குட்டி ஊர் அருங்காட்சியகத்தில் தன்னார்வலர். ஊர் பெயர் வேண்டாம். ஒரு பள்ளிக்கூடம், ஒரு தேவாலயம், பழைய இரயில் நிலையம், ஒரு கொட்டகை நிறைய இயந்திரம். கோடையில் மட்டும் திறப்போம். எங்கள் கமிட்டியில் இளையவர் நான்தான், எனக்கு ஐம்பத்தாறு.

உண்மையான பிரச்சினை வெனிஸும் இல்லை, அசலா நகலா என்பதும் இல்லை. கூரை. தேவதாரு மர ஓடு வேய்ந்த கூரை இருபது முப்பது வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். அசல் மாதிரியே மர ஓடு போட்டால் ஒரு விலை, தார் ஓடு போட்டால் அதில் ஒரு பங்கு. பணம் இருக்கும் அளவுக்குத்தான் வரலாறு. கட்டடம் ஓரிடத்தில் ஒழுக ஆரம்பித்து யாரும் கவனிக்காமல் இரண்டு குளிர்காலம் போனால் போதும். பனி உருகி உள்ளே இறங்கி, மறுபடி உறைந்து மரத்தைப் பிளந்துவிடும். வெளிச்சுவருக்கு வெள்ளையடித்து நன்றாக இருப்பது போலவே தெரியும். எலி வேறு.

அடுத்தது தானம். ஊரில் ஒரு பெரியவர் இறந்தால் பிள்ளைகள் நகரத்திலிருந்து வந்து வீட்டைக் காலி செய்வார்கள். "அம்மாவின் தையல் மெஷின், உங்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள்." வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அரை டஜனுக்கு மேல் தையல் மெஷின் இருக்கிறது. பால் கடையும் இயந்திரம், காலால் மிதிக்கும் ஆர்மோனியம், கல்யாண கவுன், எல்லாம் அப்படித்தான். எங்களிடம் இல்லாதது என்ன என்று கேட்டால் சொல்கிறேன்: வேலையாள் உடை. தினமும் உடுத்தியது கிழிந்து தரைதுடைக்கப் போய்விட்டது, ஆண்டுக்கு ஒருமுறை உடுத்தியது எங்களிடம் வந்துவிட்டது. பார்க்க வருகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் எல்லாரும் சரிகை வைத்த உடையில் உழுததாகத் தோன்றும்.

ஸ்டைன்பாக்குக்கு அந்தக் கஷ்டம் குறைவு. பின்னால் ஒரு பெரிய சமூகம், தேவாலயங்கள், வியாபாரிகள் இருக்கிறார்கள். ஜான் சி. ரைமர் என்ற பள்ளி ஆசிரியர் யாரும் மதிக்காத காலத்திலேயே பொருட்களைச் சேர்த்து வைத்ததில் தொடங்கியது அது. காற்றாலை எரிந்த மறு வருடமே எழும்பியதற்கு அதுதான் காரணம். எங்கள் ஊரில் எரிந்தால் அந்த இடத்தில் ஒரு பலகை வைப்போம்.

#17 தச்சுமுழம்

உடை பற்றிச் சொன்னது அருமை. வீட்டுக்கும் அதே கதைதான். முதல் குளிர்காலத்தில் அவர்கள் இருந்தது பாதி நிலத்துக்குள் தோண்டி, புல்லோடு வெட்டிய மண்கட்டியை அடுக்கி, வைக்கோல் வேய்ந்த ஸெம்லின் குடிசையில். ஒரு பக்கம் ஆள், மறுபக்கம் மாடு. அது சில வருடத்தில் மண்ணோடு மண்ணாகிவிடும். அதனால் எந்த அருங்காட்சியகத்திலும் அசல் ஸெம்லின் இருக்க வழியில்லை, புதிதாகத்தான் கட்ட வேண்டும். கெட்டியாகக் கட்டியவன் வீடு நிற்கிறது, ஏழை வீடு கரைந்துவிட்டது. அசலை மட்டும் வைப்போம் என்றால் பணக்காரர் தெருதான் மிஞ்சும். இந்த ஒரு விஷயத்தில் நகல் வேண்டும் என்று நானே கேட்பேன்.

#18 ஆல்டோனா_வழி

ஓட்டைக்கூரை அண்ணே, நீங்கள் சொன்னதற்கு இங்கிலிஸ் என்ற ஊர் ஒரு உதாரணம். மானிடோபா மேற்கே, சிற்றூர்தான். அங்கே இரயில் பாதையோரம் ஐந்து தானியக் களஞ்சியங்கள் வரிசையாக நிற்கின்றன, பெரும்பாலும் 1920களில் கட்டியவை. ஒரு காலத்தில் மேற்குக் கனடா முழுக்க ஐயாயிரத்துக்கும் மேல் இருந்தன, ஊருக்கு ஊர் தூரத்திலிருந்தே தெரியும். கிளை இரயில் பாதைகளை மூட மூட எல்லாவற்றையும் இடித்துத் தள்ளினார்கள். இங்கிலிஸில் ஊர்க்காரர்கள் விடவில்லை. தேசிய வரலாற்றுத் தலம் ஆக்கிவிட்டார்கள். நின்ற இடத்திலேயே காப்பாற்றினார்கள், அதனால் இடம் மாற்றும் பிரச்சினையே எழவில்லை. ஆனால் பெயிண்ட் அடிக்கிற செலவைக் கேட்டால் தலை சுற்றும்.

#19 பனைவேலி

மணிமுத்தாறு தம்பி, வழிபாட்டு வீட்டையும் கட்டாயம் காட்டுங்கோ. கோபுரம் இல்லை, சிலுவை இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், சாய்மானம் இல்லாத வாங்கு. வாத்தியம் கிடையாது, முன்பாட்டுக்காரர் சிலர் எடுத்துக் குடுக்க மற்றவை இழுத்து இழுத்துப் பாடுவினம். நான் இருந்து பார்த்தன், பத்து நிமிஷத்தில் முதுகு நோ. மணிக்கணக்கில் பிரசங்கம் கேட்டவையெண்டால் பாருங்கோவன்.

வெளியிலை பெர்லின் சுவரின் துண்டும் வைச்சிருக்கினம். ஏன் எண்டு தங்கச்சியின்ரை மகன் கேட்டான். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சோவியத் பகுதியிலிருந்து தப்பி வந்த மெனோனைட் அகதிகள் கன பேர் பெர்லின் வழியாக வந்தவை. பாட்டன் காலத்தில் வெளிக்கிட்டவை ஒரு பக்கம், வெளிக்கிடாமல் நிண்டவையின்ரை கதி மறுபக்கம்.

#20 மணிமுத்தாறு

அனைவருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முடிவு இது: விழா நாளில் ஒருமுறை ஸ்டைன்பாக், இன்னொரு வார இறுதியில் நியூபெர்க்தால். இருநதிக்கூடல் சொன்ன ஒப்பந்தக் கதையைப் போகும் வழியில் காரிலேயே சொல்லிவிடுகிறேன். வீடுகள் வேறு ஊரிலிருந்து வந்தவை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். எனக்கு இன்னும் அந்தத் தெரு ஒட்டாமல்தான் தெரிகிறது. ஆனால் பார்த்துவிட்டு அவரே தீர்மானிக்கட்டும்.

ஒரு சந்தேகம். மாமியார் சுத்த சைவம். அங்கே என்ன கிடைக்கும்?

#21 நெடுஞ்சாலை12

கடைசியில் என் துறைக்கு வந்தீர்கள். உள்ளே லிவரி பார்ன் என்று உணவகம். விவசாயி சாசேஜ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெரெனிகி கேளுங்கள், பாலாடைக்கட்டி வைத்த கொழுக்கட்டை, மேலே க்ரீம் குழம்பு ஊற்றுவார்கள். மாவில் முட்டை இருக்கும், அது அவருக்கு ஆகுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். க்ரீம் குழம்பைச் சில இடங்களில் சாசேஜ் வறுத்த சட்டியிலேயே செய்வார்கள், அதையும் விசாரியுங்கள். போர்ஷ்ட் என்ற சூப் பெரும்பாலும் இறைச்சிச் சாறு. ப்ளாட்ஸ் என்று பழம் வைத்த கேக் உண்டு, அதிலும் முட்டை. ரோல்குக்கன் என்று மாவை நீளமாக வெட்டிப் பொரித்துத் தர்பூசணியோடு சாப்பிடுவார்கள். கோடையில் அதுதான் அவர்களுக்குச் சாப்பாடே. அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பேசாமல் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள்.

#22 கதிரடி

புளியோதரையோடு கொசு மருந்தும். வெளிக் கட்டடங்கள் கோடைப் பருவத்தில் மட்டும்தான் திறந்திருக்கும், அதனால் தேதியை ஒருமுறை அவர்கள் தளத்தில் பார்த்துவிடுங்கள். கதிரடிப்பு மதியத்தில் நடக்கும், பதர் பறக்கும், பெரியவருக்கு ஒரு துண்டு கொடுங்கள். அவர் எப்படியும் எடுத்து வருவார்.